‘ஜூனோ’ உண்மையில் வனெஸாவின் கதை என்பேன்

மாலைச்சுவடு எழுதியது:

2007இல் வெளிவந்த ‘ஜூனோ’ படத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் வாய்த்துடுக்கில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. எலியட் பேஜ் அந்தப் பாத்திரத்தைச் செய்த விதம் அப்படி. இருந்தாலும் படத்தின் உயிர் வனெஸா லோரிங்கிடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விவாதிக்கத்தான் இந்த இழை. முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதைச் சுருக்கம்: மினசோட்டாவில் பள்ளியில் படிக்கும் ஜூனோ, நண்பன் பாலி பிளீக்கரால் கருவுறுகிறாள். கருக்கலைப்புக்காகக் கிளினிக் வரை போய்த் திரும்பிவிடுகிறாள். பெற்று, பிள்ளையில்லாத தம்பதிக்குத் தத்துக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறாள். விளம்பரத் தாள் ஒன்றில் மார்க், வனெஸா தம்பதியைக் கண்டுபிடிக்கிறாள். இலையுதிர் காலத்தில் தொடங்கும் கதை பருவம் பருவமாக நகர்ந்து கோடையில் முடிகிறது.

வனெஸாவை நமக்கு எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். முதலில் முகமே தெரிவதில்லை. கைகள் மட்டும். விருந்தாளி வருவதற்கு முன் புகைப்படச் சட்டங்களை நேராக்குகிறாள், பூக்களைச் சரிசெய்கிறாள். அடுத்து அந்த முதல் சந்திப்பு. குழந்தையைக் கொடுப்பதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறாய், எண்பது சதவீதமா தொண்ணூறா என்று ஜூனோவைக் கேட்கிறாள். பார்க்கிற நமக்கு எரிச்சல் வருகிறது. வியாபாரம் பேசுகிறாளே என்று தோன்றுகிறது. அதே நேரத்தில் மார்க் கிதாரை எடுத்து வைத்துக்கொண்டு பழைய ராக் இசைக்குழுக்களைப் பற்றி ஜூனோவோடு கலகலப்பாகப் பேசுகிறான். நம் அன்பு அவன் பக்கம் போய்விடுகிறது. இயக்குநர் ஜேசன் ரைட்மன் நம்மைத் திட்டமிட்டு அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்.

அவள் அந்தச் சதவீதக் கேள்வியை ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிகிறது. முன்பு ஒரு முறை தத்து ஏற்பாடு நடந்து, பெற்ற தாய் கடைசியில் மனம் மாறிவிட்டாள். அந்த ஒரு செய்தியோடு முதல் சந்திப்பை மறுபடி பாருங்கள். வனெஸாவாக நடித்த ஜெனிஃபர் கார்னரின் கழுத்து நரம்புகள்கூட வேறு மாதிரி தெரியும்.

பிறகு வணிக வளாகக் காட்சி. வனெஸா மண்டியிட்டு, ஜூனோவின் வயிற்றில் கைவைத்து, உள்ளே இருக்கும் குழந்தையிடம் பேசுகிறாள். சுற்றிலும் ஆட்கள் நடமாடுகிறார்கள். வீட்டில் ஒரு சட்டம் கோணலாக இருக்கவும் பொறுக்காத பெண், அத்தனை பேர் முன்னால் தரையில் மண்டியிடுகிறாள். குழந்தை உதைக்கிறது. அந்த நொடியிலேயே ஜூனோ முடிவு செய்துவிட்டாள் என்பது என் வாசிப்பு. பின்னால் மார்க் விலகிப்போகும்போது, அவள் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாசலில் வைத்துவிட்டு வரும் குறிப்பு வனெஸாவுக்கு மட்டுமே எழுதப்பட்டது. நீங்கள் தயார் என்றால் நானும் தயார் என்பதுதான் அதன் சாரம். கணவன் இல்லாத வீடு, ஒற்றைத் தாய். அதனால் என்ன என்று பதினாறு வயதுப் பெண் கேட்கிறாள். இந்தத் துணிச்சலைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதவில்லை.

கூழாங்கல் எழுதியது:

வனெஸாவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். படத்தை நீங்கள் புகழும் அளவுக்கு ஏற்க முடியவில்லை. முதல் இருபது நிமிடங்கள் எனக்குப் பெரும் சோதனை. கடைக்காரர், ஜூனோ, அவளுடைய தோழி லியா எல்லோரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். எந்தப் பதினாறு வயதுப் பிள்ளை இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் தீட்டித் தீட்டிப் பேசும்? டையாப்லோ கோடியின் முதல் திரைக்கதை இது. அதற்கே 2008இல் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்த விருது உரையாடலின் மினுமினுப்புக்குக் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

அவர் மினுமினுப்பைக் கீழே வைத்த இடங்களில்தான் படம் என்னைத் தொட்டது. மகள் கருவுற்றிருப்பதைச் சொல்லும் காட்சி ஒன்று போதும். அப்பா மேக், சிற்றன்னை பிரென் இருவரும் வேறு ஏதேதோ கெட்ட செய்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். செய்தி கேட்டதும் அதிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் பிரென் வைட்டமின் மாத்திரை, மருத்துவர் என்று ஆகவேண்டியதைப் பேசத் தொடங்கிவிடுகிறாள். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை, வீட்டைவிட்டு வெளியே போ என்று சொல்லவில்லை. மேக்காக வரும் ஜே.கே. சிம்மன்ஸின் முகத்தில் ஏமாற்றமும் அன்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்கேன் எடுக்கும் பெண், இந்த வயதுத் தாய்களிடம் குழந்தை வளராமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் ஏதோ சொல்லும்போது, பிரென்னாக வரும் ஆலிசன் ஜேனி பொங்கி எழுகிறாரே! சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்று காட்டிப் பழகிய சினிமாவில் அது பெரிய காரியம்.

பனைநிழல் எழுதியது:

வழக்கமாக இங்கே வாசிப்பதோடு சரி. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவள். நல்ல வீடு, நல்ல பெற்றோர். வனெஸாவைப் போன்ற ஒரு பெண்தான் என் அம்மா. அதனால் மாலைச்சுவடு ஐயா எழுதியதைக் கண்ணீரோடுதான் படித்தேன். ஆனால் அந்தக் கடைசிச் சட்டத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஜூனோவின் குறிப்பை வனெஸா சட்டம் போட்டுக் குழந்தையின் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அந்தப் பையன் வளர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் முதலில் படிக்கப்போவது அதைத்தான். அது அவனுக்கு எழுதப்பட்டதா? இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதியது. அவனுக்கென்று அவனைப் பெற்றவள் ஒரு வரிகூட விட்டுச் செல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் முகத்தையே அவள் பார்க்கவில்லை. பிளீக்கரும் பார்க்கவில்லை.

முதல் சந்திப்பில் வக்கீல், பிறந்த பிறகும் தொடர்பு வைத்துக்கொள்ளலாம், ஆண்டுதோறும் படங்கள், செய்திகள் அனுப்புவார்கள் என்று சொல்கிறார். ஜூனோதான் வேண்டாம் என்கிறாள். பழைய முறைப்படி, மோசேயைக் கூடையில் வைத்து நாணல் நடுவே விட்டதுபோலக் கொடுத்துவிடலாமே என்று சிரிக்க வைக்கிறாள். அரங்கில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். என்னால் முடியவில்லை. அந்தக் கூடைக்குள் இருந்த பிள்ளைக்கும் ஒரு பக்கம் உண்டு. மோசேயின் கதையிலேயே அவனுடைய அக்கா கரையில் நின்று கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாயே பாலூட்ட வந்தாள். அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மாலைச்சுவடு எழுதியது:

பனைநிழல் அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தச் சட்டம்தான் மனதில் இருக்கிறது. ஒன்று மட்டும் படத்தின் சார்பாகச் சொல்ல விரும்புகிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஜூனோ சிரிக்கவில்லை. படுக்கையில் அழுகிறாள். ஓட்டப் பந்தயத்தில் வென்ற பிளீக்கர், பார்வையாளர் வரிசையில் அவள் இல்லாததைக் கண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். பேச்சே இல்லை. படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள் பேசாமல் போகும் இடம் அது. ஆகவே இழப்பு அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. உடனே கோடை வருகிறது, சைக்கிள், கிதார், இருவரும் பாட்டு. அந்த அவசரத்தில் எனக்கும் உடன்பாடில்லை.

அப்புறம் கள்ளிச்செடி. ஜூனோவைச் சின்ன வயதில் விட்டுப்போன அம்மா, அரிசோனாவிலிருந்து காதலர் தினத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கள்ளிச்செடி அனுப்புகிறாள். ஜூனோ அதை எவ்வளவு கசப்போடு சொல்கிறாள்! தூரத்திலிருந்து ஆண்டுக்கொரு முறை வரும் தாயன்பு எப்படிக் குத்தும் என்று தெரிந்தவள், தன் பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். படங்களும் செய்திகளும் வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பதினாறு வயதுக்காரியின் கணக்கு அது. பிள்ளையின் பக்கத்திலிருந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏலக்காய் எழுதியது:

பாட்டு என்றதும் ஒரு தகவல். ஜூனோ எந்த மாதிரி இசை கேட்பாள் என்று இயக்குநர் எலியட் பேஜிடம் கேட்க, அவர் மோல்டி பீச்சஸ் குழுவின் பெயரைச் சொன்னார். அப்படித்தான் அந்தக் குழுவின் பாடகி கிம்யா டாசனின் குரல் படத்துக்குள் வந்தது. 2008 ஜனவரியில் அந்த இசைத்தொகுப்பு பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் சமையலறையில் முணுமுணுப்பதுபோன்ற பாட்டுகள், அமெரிக்காவின் முதலிடத்தில்! இன்றும் அதைக் கேட்டால் மனம் லேசாகிறது.

செங்காந்தள் எழுதியது:

யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன்: கிளினிக். வெளியே வகுப்புத் தோழி சூ சின் தனியாகப் பதாகை பிடித்து நிற்கிறாள். கருவுக்கு நகங்கள் முளைத்திருக்கும் என்கிறாள். உள்ளே போனதும் ஜூனோவின் காதில் நகச் சத்தம் மட்டுமே விழுகிறது. ஒருத்தி மேசையில் தட்டுகிறாள், ஒருத்தி சொறிகிறாள். அவள் ஓடிவிடுகிறாள். ஒலியாலேயே கட்டிய அற்புதமான காட்சி. அதே சமயம், கருக்கலைப்பு செய்யும் இடம் என்றால் அசட்டையான வரவேற்பாளரும் அழுக்கான காத்திருப்பு அறையும்தான் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது.

டையாப்லோ கோடி பெண்ணின் முடிவுரிமையை ஆதரிப்பவர். தான் படித்த கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து, கருக்கலைப்புக்கு எதிரான படம் எடுத்ததற்கு நன்றி சொல்லிக் கடிதம் வந்தபோது அதிர்ந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். நாடு இந்தத் திசையில் போகும் என்று தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எழுதியிருப்பேனா என்பதே சந்தேகம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு படைப்பாளி தன் படைப்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக வருந்துவது அரிது. அதே 2007இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற கிறிஸ்டியன் முஞ்சியுவின் ருமேனியப் படம், கருக்கலைப்பு தடை செய்யப்பட்ட நாட்டில் ஒரு பெண் படும் பாட்டைக் காட்டியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஜூனோவுக்கு இருந்த ‘திரும்பி நடக்கும்’ வசதி, எல்லாப் பெண்களுக்கும் திறந்திருந்த கதவிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

வடதுருவம் எழுதியது:

நான் மினியாபொலிஸில் குடும்ப வழக்குகள் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த மாநிலத்துச் சட்டத்தை வைத்துச் சில விவரங்கள்.

செங்காந்தள் சொன்ன கதவு, ஜூனோவுக்கு அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது. அப்போது மினசோட்டாவில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருக்கலைப்பு செய்ய வேண்டுமானால், 48 மணி நேரம் முன்பே பெற்றோர் இருவருக்கும் தெரிவிக்க வேண்டும். அல்லது நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும். இருவரில் ஒருவர் விட்டுப்போனவராக இருந்தாலும் பொதுவாக விதி அதுதான். 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதியின் வழி இருக்கும்வரை செல்லும் என்று தீர்ப்பான சட்டம் அது. ஆகவே ஜூனோ விஷயத்தில் அப்பாவுக்கு மட்டுமல்ல, அரிசோனாவில் இருக்கும் அம்மாவுக்கும் செய்தி போயிருக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள், கள்ளிச்செடி அனுப்பும் அந்த அம்மாவுக்கு! படம் இதைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே மாவட்ட நீதிமன்றம் ஒன்று அந்த விதியை 2022இல் ரத்து செய்தது.

தத்து விஷயத்தில் படம் விட்டுவிட்டது இன்னும் நிறைய. இங்கே பெற்ற தாய் குழந்தை பிறந்து 72 மணி நேரம் ஆகும் முன் சம்மதக் கையெழுத்துப் போட முடியாது. போட்ட பிறகும் பத்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். தாய்க்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் அவளுடைய பெற்றோரின் சம்மதமும் வேண்டும். மேக் மகளோடு போனது வெறும் பாசமில்லை, சட்டத்துக்கும் அவர் தேவை. வனெஸா ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கும்போது அவளுக்கு எந்த உறுதியும் கிடையாது. அதற்குப் பிந்திய அந்தப் பத்து நாட்களை அவள் எப்படிக் கழித்திருப்பாள்! முன்பு ஒரு முறை இழந்தவள். மாலைச்சுவடு அண்ணா சொல்வதுபோல இது அவளுடைய கதை என்றால், மிகக் கடினமான அத்தியாயத்தை எழுதாமலே விட்டுவிட்டார்கள்.

கூழாங்கல் எழுதியது:

வடதுருவம், இது படத்தையே வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. நன்றி.

மார்க்கைப் பற்றி யாராவது பேச வேண்டும். அவன் வளராத ஆண் என்று சொல்லிக் கடந்துபோவது அவனுக்குக் காட்டும் சலுகை. விளம்பரங்களுக்கு இசையமைத்துப் பணம் சம்பாதிக்கிறவன். தன் பழைய பொருட்களையும் பழைய கனவையும் வீட்டில் ஓர் ஓரத்தில் பதுக்கிவைத்திருக்கிறான். இதெல்லாம் பரிதாபம்தான். ஆனால் மனைவி இல்லாத நேரத்தில் கருவுற்ற பள்ளிச் சிறுமியோடு ரத்தப் படங்கள் பார்ப்பதும், அவளைக் கட்டிக்கொண்டு நடனமாடுவதும், ஆடிக்கொண்டே வனெஸாவை விட்டுப்போகிறேன் என்று சொல்வதும் பரிதாபத்தில் சேராது. திருமணமான ஆணின் வீட்டுக்குச் சொல்லாமல் போகாதே என்று பிரென் முன்பே எச்சரிக்கிறாள். ஜூனோ கேட்கவில்லை. பிரென் சொன்னது அப்படியே நடக்கிறது. ஜேசன் பேட்மன் அந்த ஆளை இனிமையாகவே நடித்திருப்பதால்தான் நெஞ்சு பதைக்கிறது. அவன் கெட்டவனாக வந்திருந்தால் ஜூனோ ஏமாந்திருக்க மாட்டாள். நாமும்தான்.

இடைகழி எழுதியது:

படம் வந்த பிறகு அமெரிக்கப் பள்ளி மாணவிகள் பேசிவைத்துக்கொண்டு கர்ப்பமானார்கள் என்று செய்தி வந்ததே? ஒரு கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து உலகம் முழுக்க 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். அது பிள்ளைகளிடம் ஒரு தாக்கமும் ஏற்படுத்தாதா? மகளை வைத்திருக்கிறவள் என்ற முறையில் கேட்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

நியாயமான கேள்வி அக்கா. நீங்கள் சொல்வது 2008இல் மாசசூசெட்ஸின் க்ளாஸ்டர் ஊர் பற்றி டைம் இதழில் வந்த செய்தி. ஒரே பள்ளியில் அந்தக் கல்வியாண்டில் பதினேழு பேர் வரை கருவுற்றிருந்தார்கள், வழக்கமாக நாலைந்து பேர்தான். அவர்களில் சிலர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள் என்று பள்ளி முதல்வர் சொன்னதாக எழுதினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று நகர மேயர் மறுத்தார். அந்தப் பெண்களில் ஒருத்தியும், கருவுற்ற பிறகு ஒருவருக்கொருவர் துணையாக இருப்போம் என்று பேசிக்கொண்டதுதான் உண்மை என்றாள். ஊடகங்கள் அதற்கு இந்தப் படத்தின் பெயரை ஒட்டிவிட்டன.

எண்களைப் பாருங்கள். அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரம் பேருக்கு எத்தனை பிரசவம் என்ற கணக்கு 1991இல் 61.8. படம் வந்த 2007இல் 41க்குச் சற்று மேல். 2022இல் 13.6. படம் வந்த பிறகு தொடர்ந்து இறங்கியிருக்கிறது. உங்கள் மகளோடு உட்கார்ந்தே பாருங்கள். மேக்கும் பிரென்னும் நடந்துகொண்டதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்.

பனைநிழல் எழுதியது:

ஜூனோ சொன்ன ‘பழைய முறை’யைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. அது எப்படி இருந்தது என்று ஆன் ஃபெஸ்லர் 2006இல் ஒரு நூலாக எழுதினார். அவரும் தத்துப் பிள்ளைதான். 1945க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்காவில் மணமாகாமல் கருவுற்ற இளம்பெண்களை வெளியூர் விடுதிகளுக்கு அனுப்பி, ரகசியமாகப் பிரசவிக்க வைத்து, குழந்தையை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்படிக் கொடுத்த பெண்கள் சுமார் 15 லட்சம் பேர் என்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார். பலருக்கு மனம் ஆறவே இல்லை.

மணமாகாத தாய்மாருக்கு 1973க்கு முன் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய 9 சதவீதம் தத்துக் கொடுக்கப்பட்டன. 1990களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டாயம் தளர்ந்ததும் கொடுப்பது நின்றுபோயிற்று. ஜூனோவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பெரிய வயிற்றோடு பள்ளி நடைவழியில் நிமிர்ந்து நடக்கிறாள். அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் அது. அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களைத் துன்புறுத்திய அதே மறைப்பை அவளே விரும்பிக் கேட்பதாக எழுதி, அதை நகைச்சுவையாகவும் ஆக்கியது எனக்குத் தாங்கவில்லை.

வடதுருவம் எழுதியது:

பனைநிழல், உங்களுக்காகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். தத்து ஆவணங்களை ரகசியமாக்கும் வழக்கத்தை 1917லேயே தொடங்கிவைத்த மாநிலம் மினசோட்டா. அதே மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல், பதினெட்டு வயது நிறைந்த தத்துப் பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெற்றவரின் அனுமதி தேவையில்லை. படத்தின் காலத்தையே வைத்துக்கொண்டால், ஜூனோவின் மகனுக்கு ஏறக்குறைய இப்போதுதான் பதினெட்டு. விண்ணப்பித்தால் அவள் பெயர் அவன் கையில் கிடைக்கும்.

பெற்றவர்களும் தொடர்பு பற்றிய தங்கள் விருப்பத்தை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்து வைக்கலாம். நேரில் பேசலாமா, இடையில் ஒருவர் வேண்டுமா, தொடர்பே வேண்டாமா என்று குறிக்கலாம். அது விருப்பம் மட்டுமே, சான்றிதழைத் தடுக்காது.

பனைநிழல் எழுதியது:

இது எனக்குத் தெரியாது. நன்றி.

இப்போது முப்பத்தைந்தை நெருங்கும் ஜூனோ அந்தப் படிவத்தில் எதைக் குறிப்பாள் என்பதை யாராவது படமாக எடுத்தால் முதல் டிக்கெட் என்னுடையது. அதில் வனெஸாவும் வேண்டும். பையன் விண்ணப்பிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முகவரி எழுத உதவுகிறவளாக.

மாலைச்சுவடு எழுதியது:

அவள் நிச்சயம் உதவுவாள். குறிப்பைச் சட்டம் போட்டு மாட்டியவள் எதையும் மறைக்க மாட்டாள். வடதுருவம், பிளீக்கர் பெயரும் அந்தச் சான்றிதழில் இருக்குமா?

வடதுருவம் எழுதியது:

மணமாகாத தந்தை தன் தந்தைமையை ஏற்றுத் தாயோடு சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் இருக்கும். படத்தில் பிளீக்கர் எந்தக் காகிதத்திலும் வருவதில்லை. மார்க், வனெஸா, வக்கீல், மேக், ஜூனோ எல்லோரும் உட்கார்ந்து பேசிய அறையில் அவன் இல்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே பையன் முதலில் ஜூனோவைத்தான் தேடி வரவேண்டும். பிளீக்கரைப் பற்றி அவள்தான் அவனிடம் சொல்லியாக வேண்டும்.